கோலாலம்பூர் – சென்னை: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடுவது எப்படி?

காலை 9.00 மணிக்குக் கோலாலம்பூரில் கிளம்பும் விமானம் சென்னையில் 10.25க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பும் பயணம் சென்னையில் காலை 11.30, கோலாலம்பூரில் மாலை 5.50. பார்த்தவுடன், போவதற்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, வருவதற்கு மட்டும் ஆறு மணி நேரத்துக்கு மேல் என்று தோன்றும். முதல் முறை ஊருக்குப் போகிற பலர் தடுமாறும் இடம் இது.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் எல்லாம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி இருக்கிறது. ஆகவே இரண்டு நேரத்தையும் ஒரே ஊரின் கடிகாரத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கழிக்க வேண்டும். சென்னை 10.25 என்றால் கோலாலம்பூரில் பகல் 12.55. காலை 9.00 முதல் 12.55 வரை 3 மணி 55 நிமிடம். திரும்பும்போது சென்னை 11.30 என்பது கோலாலம்பூரில் பிற்பகல் 2.00. அங்கிருந்து 5.50 வரை 3 மணி 50 நிமிடம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நேர வித்தியாசம் மறந்துபோனாலும் ஒரு வழி உண்டு. டிக்கெட்டில் தெரிகிற இரண்டு இடைவெளிகளையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 1 மணி 25 நிமிடமும் 6 மணி 20 நிமிடமும் சேர்ந்தால் 7 மணி 45 நிமிடம். அதில் பாதி 3 மணி 52 நிமிடம் சொச்சம். ஒரு பக்கம் கடிகாரம் தின்றதை மறுபக்கம் திருப்பிக் கொடுத்துவிடுவதால் மிஞ்சுவது பயண நேரத்தின் சராசரி. எந்த இரண்டு ஊருக்கும் இது பொருந்தும். போகும்போதும் வரும்போதும் இடைநில்லா விமானமாக இருக்க வேண்டும், அவ்வளவே.

வீட்டில் பெரியவர்கள் இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம் என்று சொன்னால் அது தப்பான நினைவு அல்ல. தீபகற்ப மலேசியா முன்பு உலக நேரத்தைவிட ஏழரை மணி நேரமே முந்தி இருந்தது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குக் கடிகாரத்தை நள்ளிரவு 12க்குத் தள்ளிவைத்து, 1982 முதல் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். அந்த அரை மணிதான் இன்றைக்கும் டிக்கெட் கணக்கில் வந்து நிற்கிறது.

தூரம் என்பது எதிலிருந்து எதுவரை?

உலக உருண்டை ஒன்றை எடுத்து, கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ இருக்கும் செப்பாங்கில் ஒரு விரலையும் சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்தில் ஒரு விரலையும் வைத்து, நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் அந்த நூல் படுகிற கோடுதான் மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். இணையத்தில் விமானத் தூரம் என்று கிடைக்கும் எண் பெரும்பாலும் இதுதான். கேஎல்ஐஏவிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு இந்தத் தூரம் சுமார் 2,628 கிலோமீட்டர்.

இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் உண்டு. கேஎல்ஐஏ வடக்கு 2.75 பாகை, கிழக்கு 101.71 பாகை. சென்னை வடக்கு 12.99, கிழக்கு 80.18. வடக்கு-தெற்கு வித்தியாசம் 10.24 பாகை, ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் 1,137 கிலோமீட்டர். கிழக்கு-மேற்கு வித்தியாசம் 21.53 பாகை. இங்கேதான் கவனம் வேண்டும். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குவதால், அந்த 111ஐ இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள அட்சரேகையின் கோசைனால் பெருக்க வேண்டும். நடு அட்சரேகை 7.87 பாகை, அதன் கோசைன் 0.99. ஆக 21.53 × 111 × 0.99 = 2,366 கிலோமீட்டர். இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,625 வரும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் மட்டும்தான் வேலை செய்திருக்கிறது. பிழை மூன்றே கிலோமீட்டர்.

இவ்வளவு சுலபமாக வருவதற்குக் காரணம் நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பது. இந்தப் பகுதியில் தட்டையான வரைபடத்தின் நேர்கோட்டுக்கும் பெருவட்டப் பாதைக்கும் அதிக வேறுபாடு இல்லை. கோலாலம்பூர்–சென்னைக்கு அது ஒரு கிலோமீட்டர்கூட வராது. கோலாலம்பூரிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இதே வழியில் கணக்குப் போட்டால் மோசமாகத் தவறும். அந்தப் பாதை வரைபடத்தில் ஜப்பான் பக்கமாக வடக்கே வளைந்து போகும். மூவாயிரம் கிலோமீட்டருக்குள், அட்சரேகை 20 பாகையைத் தாண்டாத ஊர்களுக்கு மட்டும் இந்தக் கைக்கணக்கை நம்புங்கள்.

எண்கள் தளத்துக்குத் தளம் மாறுவதற்கு மூன்று காரணங்கள். சில தளங்கள் பூமியைச் சரியான உருண்டையாகவும் சில துருவத்தில் சற்றுத் தட்டையான உருண்டையாகவும் எடுத்துக்கொள்கின்றன. இதனால் வரும் வேறுபாடு அரை விழுக்காட்டைத் தாண்டாது. சில தளங்கள் விமான நிலையத்தை விட்டு நகர மையத்திலிருந்து அளக்கின்றன. செப்பாங்குக்கும் கோலாலம்பூர் நகருக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இருக்கும்போது இது சின்ன விஷயமல்ல. மூன்றாவது, மைல். விமானத் துறையின் மைல் கடல்மைல். அது 1,852 மீட்டர். சாலை மைல் 1,609 மீட்டர். சென்னை 1,419 கடல்மைல் தொலைவில் இருக்கிறது. அதே தூரம் சாலை மைலில் 1,633. 1,419ஐச் சாதாரண மைல் என்று நினைத்துக் கிலோமீட்டருக்கு மாற்றினால் 2,283தான் வரும், 340க்கு மேற்பட்ட கிலோமீட்டர் காணாமல் போய்விடும். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு என்று பார்க்காமல் எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திருச்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. திருச்சி தெற்கே இருப்பதால் நமக்குப் பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மேற்கிலும் தள்ளி இருக்கிறது. கேஎல்ஐஏவிலிருந்து திருச்சி சுமார் 2,690 கிலோமீட்டர், சென்னையைவிட 60 கிலோமீட்டர் அதிகம். பறக்கும் நேரத்தில் இது நான்கைந்து நிமிடம்.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் ஏன் தவறுகிறது?

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 2,628ஐ 830ஆல் வகுத்தால் 3 மணி 10 நிமிடம். டிக்கெட்டில் 3 மணி 55 நிமிடம். மீதி முக்கால் மணி நேரம் எங்கே?

கொஞ்சம் தரையில் போகிறது. டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரம் சக்கரம் ஓடுபாதையை விட்டு எழும்பும் நேரமல்ல. விமானம் தன் நிறுத்தத்தை விட்டுப் பின்னோக்கி நகரத் தொடங்கும் நேரம். வந்து சேரும் நேரமும் அப்படியே: சக்கரம் தரையைத் தொடும் நேரமல்ல, நிறுத்தத்தில் வந்து நிற்கும் நேரம். இந்த முழு இடைவெளியைத்தான் விமான நிறுவனங்கள் அட்டவணையில் போடுகின்றன. கேஎல்ஐஏவில் மூன்று ஓடுபாதைகள், ஒவ்வொன்றும் நான்கு கிலோமீட்டர் அளவு நீளம். முனையத்திலிருந்து தொலைவான ஓடுபாதை கிடைத்தால் கிளம்புவதற்கு முன்பே கால் மணி நேரம் உருண்டு போக வேண்டியிருக்கும்.

கொஞ்சம் ஏற்றத்திலும் இறக்கத்திலும் போகிறது. பத்தாயிரம் அடிக்குக் கீழே விமானங்களுக்கு வழக்கமான வேக வரம்பு 250 நாட். மணிக்கு 463 கிலோமீட்டர்தான். முழு உயரத்தை எட்ட இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். இறக்கத்துக்கு விமானிகள் வைத்திருக்கும் மனக்கணக்கு அழகானது: எத்தனை ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறோமோ அதை மூன்றால் பெருக்கினால், இறங்கத் தொடங்க வேண்டிய இடம் கடல்மைலில் கிடைக்கும். 36,000 அடி என்றால் 108 கடல்மைல், அதாவது 200 கிலோமீட்டருக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். சென்னைக் கடற்கரை கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே இரைச்சல் குறைந்து விமானம் மெல்லத் தாழ்வது இதனால்தான்.

இதையெல்லாம் சேர்த்து நடைமுறைக்கு ஒத்துவரும் ஒரு சூத்திரம் சொல்லலாம்: தூரத்தை 830ஆல் வகுத்து, வந்த நேரத்தோடு 40 நிமிடம் கூட்டுங்கள். சென்னைக்கு 3 மணி 50 நிமிடம். திருச்சிக்கு 3 மணி 54. கேஎல்ஐஏ–பினாங்கு 325 கிலோமீட்டர்; பறக்க 24 நிமிடம், கூட்டினால் 64. அட்டவணையிலும் ஒரு மணி, ஒரு மணி ஐந்து நிமிடம் என்றுதான் இருக்கும். பெரிய விமானங்களான ஏ350, 787 மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் போகும் என்பதால் நீண்ட பயணங்களுக்கு 830க்குப் பதில் 900 போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 40 நிமிடம் தூரம் எவ்வளவாக இருந்தாலும் ஏறக்குறைய மாறாது என்பதுதான் இதில் முக்கியம். சென்னைப் பயணத்தில் அது ஆறில் ஒரு பங்கு. பினாங்குப் பயணத்தில் மூன்றில் இரண்டு பங்கு! 325 கிலோமீட்டரில் 36,000 அடிக்கு ஏறவே 200 கிலோமீட்டர் அளவு வேண்டும், இறங்கவும் 200 வேண்டும். இடமே போதாது. ஆகவே அந்தப் பயணத்தில் விமானம் முழு உயரத்துக்கு ஏறுவதில்லை, முழு வேகத்தில் அதிக நேரம் ஓடுவதும் இல்லை.

இதனால்தான் சுபாங்கிலிருந்து பினாங்குக்குப் போகும் ஏடிஆர் 72 என்கிற சுழலி விமானத்தைக் குறைத்து எண்ணக் கூடாது. அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர்தான். ஆனால் சுபாங்–பினாங்கு 280 கிலோமீட்டர் மட்டுமே. பறக்க 34 நிமிடம். சிறிய விமான நிலையத்தில் ஓடுபாதைக்குப் போகும் தொலைவும் குறைவு. மொத்தம் ஜெட் விமானம் கேஎல்ஐஏவிலிருந்து எடுக்கும் அதே ஒரு மணி சொச்சம். பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் பக்கம் இருப்பவர்கள் செப்பாங் வரை போகும் நேரத்தையும் மிச்சப்படுத்தலாம்.

காற்றும் வழியும்

விமானத்தின் 830 என்பது காற்றோடு ஒப்பிட்ட வேகம். காற்று பின்னாலிருந்து தள்ளினால் தரையைப் பொறுத்த வேகம் கூடும், எதிர்த்தால் குறையும். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும், பின்காற்றாக இருந்தால் சென்னைக்கு 9 நிமிடம் மிச்சம், எதிர்காற்றாக இருந்தால் 10 நிமிடம் கூடுதல்.

கிழக்கு நோக்கிப் போவது எப்போதும் வேகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். லண்டன் பயணத்துக்கு அது சரி. கோலாலம்பூரிலிருந்து போக ஏறத்தாழ 14 மணி நேரம், வர ஏறத்தாழ 13. வடக்கே உயரத்தில் வீசும் மேலைக்காற்றுதான் காரணம். வங்காள விரிகுடாவுக்கு அந்த விதியை அப்படியே பொருத்த முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வலுவான காற்றோட்டம் ஓடுகிறது. இந்திய வானிலை அறிவியலாளர் பி. கோடேஸ்வரம் 1958இல் விவரித்த வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று இது. இதன் உச்ச வேகம் 15 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி இருந்தாலும், 11, 12 கிலோமீட்டரில் போகும் பயணிகள் விமானத்துக்கும் அதன் விளிம்பு படும். அந்த மாதங்களில் கோலாலம்பூரிலிருந்து சென்னை போகிறவர்களுக்குப் பின்காற்று, வருகிறவர்களுக்கு எதிர்காற்று. மற்ற மாதங்களில் இந்த வழியில் காற்று பெரும்பாலும் மென்மையானது.

இனி வழி. பெருவட்டக் கோடு மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்ராவின் வடமுனையை ஒட்டி, கிரேட் நிக்கோபார் பக்கமாக வங்காள விரிகுடாவுக்குள் போகிறது. விமானம் அந்தக் கோட்டிலேயே போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வானத்திலும் வகுத்த தடங்கள் உண்டு. கிளம்பும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் தனித் தடம். கேஎல்ஐஏவின் ஓடுபாதைகள் வடமேற்கு-தென்கிழக்காகக் கிடக்கின்றன. காற்றின் திசையால் தென்கிழக்கு நோக்கி எழும்ப வேண்டிய நாளில், சென்னை விமானம் முதலில் எதிர்ப்பக்கம் பறந்து பிறகுதான் திரும்பும். நடுக்கடலில் தரை ரேடார் எட்டாத பகுதிகளில் விமானங்களுக்கு இடையே அதிக இடைவெளி விட வேண்டியிருப்பதால், விமானி விரும்பும் உயரமும் எப்போதும் கிடைக்காது. ஏப்ரல், அக்டோபர் போன்ற பருவம் மாறும் மாதங்களில் இடிமேகங்கள் குவியும்போது பல பத்து கிலோமீட்டர் சுற்றிப் போவது வழக்கம். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் காலத்தில் தூரம் மாறாது. பார்வைத் தெளிவு குறைவதால் இறங்கும் விமானங்களுக்கு இடையே இடைவெளி கூடி, வானில் வட்டமிட வேண்டி வரலாம்.

இவற்றுக்கெல்லாம் சேர்த்துத்தான் நிறுவனங்கள் அட்டவணையில் சில நிமிடங்களைக் கூடுதலாகப் போட்டு வைக்கின்றன. அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் பத்து நிமிடத் தாமதத்தோடு வந்து சேர்ந்தால், விமானி பறந்தடித்து ஓட்டினார் என்று பொருளல்ல. அந்தச் சேமிப்பு நிமிடங்கள் பயன்பட்டிருக்கின்றன.

பினாங்கிலிருந்து போகிறவர்களுக்கு

பினாங்கு–சென்னை நேர்த்தூரம் சுமார் 2,365 கிலோமீட்டர். 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கிய நேரடிச் சேவை இந்தத் தூரத்தைத்தான் கடக்கிறது. நம் சூத்திரப்படி மூன்றரை மணி நேரம். கோலாலம்பூர் வழியாகப் போனால் 325உம் 2,628உம் சேர்ந்து 2,953 கிலோமீட்டர். கூடுதல் தூரம் 590 கிலோமீட்டருக்குள்தான், பறக்கும் கணக்கில் 43 நிமிடம். ஆனால் மொத்தப் பயணம் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டாவது முறை அந்த 40 நிமிடமும், நடுவில் காத்திருக்கும் இரண்டு மணி நேரமும்தான் நேரத்தைத் தின்கின்றன.

இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் இரண்டு மணி நேரத்தை நம்ப வேண்டாம். பெட்டியைக் கேஎல்ஐஏவில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், குடிநுழைவுச் சோதனையைக் கடக்க வேண்டும். அனைத்துலக விமானங்களுக்குப் பெட்டி வாங்கும் முகப்பு பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும். முதல் விமானம் முனையம் 1இலும் அடுத்தது முனையம் 2இலும் என்றால், இரண்டுக்கும் நடுவே ரயில் ஓடுவது சில நிமிடமே; பெட்டிக்கும் ரயிலுக்கும் காத்திருப்பதும் நடையும் அதற்குமேல் ஆகும். தனி டிக்கெட்டுக்கு மூன்று மணி நேர இடைவெளி, முனையம் மாறினால் நான்கு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், தனி டிக்கெட்டில் அதற்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது.

கோலாலம்பூர்–பினாங்கு மட்டும் போகிறவர்கள் வீட்டு வாசல் முதல் வாசல் வரை கூட்டிப் பார்க்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்புகிறவர் கேஎல் சென்ட்ரலில் விரைவு ரயில் ஏறினால் 28 நிமிடத்தில் முனையம் 1. அங்கே ஒன்றரை மணி நேரம் முன்பே இருக்க வேண்டும். பயணம் ஒரு மணி சொச்சம். இறங்கிப் பெட்டி எடுக்க இருபது நிமிடம், பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு நெரிசலில்லா நேரத்தில் அரை மணி. ரயிலுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் நான்கு மணி நேரம் ஆகிவிடும். அதே கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் பட்டர்வொர்த்துக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், பிறகு ஃபெரி. வித்தியாசம் அரை மணி, முக்கால் மணிதான். ரயிலில் பெட்டியை எடை போடவும் தேவையில்லை. எங்கள் பார்வையில், பட்டர்வொர்த், பிறை பக்கம் வீடு இருப்பவர்களுக்கு ரயிலே மேல். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை இருப்பவர்களுக்கு விமானம்.

தேதியைப் பாருங்கள்

சென்னை, திருச்சி விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.30 என்று இருந்தால், அது 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அரை மணி. 15ஆம் தேதி இரவு விமான நிலையத்துக்கு வந்து நின்றால் விமானம் போய் ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். இப்படிப்பட்ட டிக்கெட்டை வாங்கியதும் கைப்பேசி நாட்காட்டியில் முந்தைய நாள் இரவு 9.30க்கு, முகப்பில் நிற்க வேண்டிய நேரமாகக் குறித்துவிடுங்கள். அழைத்துப் போக வருகிறவருக்கும் 14ஆம் தேதி இரவு என்றே சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது சென்னையில் 14ஆம் தேதி இரவு 11.00க்கு ஏறினால், கோலாலம்பூரில் 15ஆம் தேதி விடியற்காலை 5.20 வாக்கில் இறங்குவீர்கள். டிக்கெட்டில் வந்துசேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சிறியதாக அச்சாகியிருப்பது இதைத்தான் சொல்கிறது. வேலைக்கு விடுப்பு எழுதுகிறவர்கள் அந்த +1ஐச் சேர்த்து எழுத வேண்டும்.